பல்லக்கா கட்டிய வால்ரஸ்

அந்த ஊரில் அறுபது வயதைத் தாண்டிய யாராவது வாய்விட்டுச் சிரித்தால், அந்தச் சிரிப்பில் பாதி பல்லக்காவுக்குச் சொந்தம். பல் செட் கட்டுவது அவள் தொழில். வடக்கே நிலம் முடிந்து கடல் தொடங்குகிற விளிம்பில், காற்றுக்குப் பயந்து வீடுகளெல்லாம் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற ஊர் அது. வெயில் அங்கே தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. வந்ததும் வராததுமாகக் கிளம்புவதற்கு நேரம் பார்க்கும்.

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் அவளுடைய பட்டறை. ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் மீன் கிடங்கின் சுவர். நீள மேசை, மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, மெருகு போடும் சக்கரம், அலமாரி நிறைய வெள்ளை பிளாஸ்டர் தாடைகள். ஊரில் ஒருவரையும் அவள் முகத்தை வைத்து அடையாளம் கண்டதில்லை. "அதோ போறாரே, இடப்பக்கமாவே மென்னு மென்னு தேய்ச்சவரு" என்பாள். கூட இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் அங்கே தபால் அதிகாரி போய்க்கொண்டிருப்பார்.

வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாயில் கிடக்கிறவளுக்கு ஏழாவது நாள் வெட்டவெளி வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பத்தில் ஒருவரும் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். மழையோ புயலோ, எங்காவது போக வேண்டும். போன இடத்தில் எதையாவது செய்ய வேண்டும். சும்மா உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்குக் கடல் என்ன கண்காட்சியா என்று கேட்பாள்.

இப்படித்தான் ஒரு வருஷம் பழைய பல் எக்ஸ்ரே படங்களை ஒட்டி ஒரு பட்டம் செய்தார்கள். மணல்மேட்டிலிருந்து விட்டதில் அது அறுத்துக்கொண்டு போய், ஊருக்கு மேலே வெயிலில் பளபளவென்று வேர்ப்பற்களைக் காட்டியபடி ஒரு மத்தியானம் முழுவதும் பறந்தது. அன்றைக்குச் சில பேர் தங்கள் பல்லைத் தாங்களே அண்ணாந்து பார்க்க நேர்ந்தது. இன்னொரு வருஷம் பாட்டில்களைக் கட்டி ஒரு படகு. கழிமுகத்தில் இறங்கியதும் அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை; செக்கு மாடு மாதிரி நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. நால்வரையும் மீட்டபோது ஒருவருக்கும் வீட்டுத் திசை தெரியவில்லை.

நால்வர் என்றால், பல்லக்கா ஒன்று. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் மொத்தம் மூன்று லிஃப்ட். அதில் இரண்டு ஓடாது, ஒன்று நிற்காது. மூன்றாவது ஆள் மகள்; பள்ளியில் கடைசி வருஷம், வாயைத் திறந்தால் ஊசி. நான்காவது கொழுந்தன். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதுகிறவன். ஊதிக்கொண்டிருந்த குழு கலைந்துபோன பிறகு, வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு பின்னறைக்கு வந்தான். வேலைக்கு இன்னும் அவன் விலாசம் தெரியவில்லை.

வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்: வெளியே செய்தது வெளியிலேயே இருக்கட்டும், வீட்டுக்குள் வரக் கூடாது. கடற்பாசியில் நெய்த திரைச்சீலை ஒருமுறை வீட்டுக்குள் வந்து, சாக்கடை அடைத்துக்கொண்டதாக நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நகரசபைக்குப் புகார் போட்ட பிறகு பிறந்த சட்டம். நியாயமான சட்டம்தான். பின்னால் வந்த வினையெல்லாம் அந்த நியாயத்தால் வந்தது.

பல்லக்காவுக்கு மனசுக்குள் ஒரு முள் உண்டு. நகரசபைக் கூடத்தில் வருஷா வருஷம் கலைக் கண்காட்சி நடக்கும். எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிப்பவர் ஓவிய ஆசிரியர். அவள் எதைக் கொண்டுபோனாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒருமுறை சுற்றி வந்து, "வேலை சுத்தம். ஆனா உயிர் இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மரக்கட்டையில் செய்த நாரைக்கும் அதே தீர்ப்பு. சிப்பியில் செய்த கிழவனுக்கும் அதே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொன்ன முன்பற்கள் நான்கும் அவள் கட்டியவை. அவை அவர் வாயில் மட்டும் உயிரோடு இருந்தன போலும்.

"இந்த வருஷம் ஒரு பிராணி செய்யணும்" என்றாள் ஒருநாள், சாப்பாட்டு மேசையில். "பெரிசா. பாத்தா மனுஷன் பின்னாடி போகணும்."

"அதுக்கு எதுக்குப் பிராணி, அண்ணன் காலைல எழுந்து வர்றத செஞ்சா போதுமே அண்ணி" என்றான் கொழுந்தன்.

"பல்லு பெரிசா இருக்கற பிராணியாத்தான் இருக்கும்" என்றாள் மகள். "அம்மாவப் பத்தித் தெரியாதா?"

மகள் சொன்னது சரி. மேசை மேல் வடதுருவக் கடலில் வாழ்கிற வால்ரஸின் படம் ஒன்று விழுந்தது. மூட்டை மாதிரி உடம்பு, துடைப்பம் மாதிரி மீசை, அதற்குக் கீழே முழ நீளத்துக்கு இரண்டு தந்தம்.

தந்தங்களுக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. கிளினிக் மூடியதும் உட்காருவாள். பல் செட்டுக்குப் போடுகிற அதே மாவு, அதே மெழுகு, அதே அச்சு, அளவுதான் வேறு. வெள்ளையில் எத்தனை வகை உண்டு என்பது பல் கட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். பால் வெள்ளை, தேநீர் வெள்ளை, புகை வெள்ளை, பொய் வெள்ளை. அவள் புகை பிடிக்கிற கிழவர்களுக்குக் கொடுக்கிற மஞ்சளை எடுத்து, அடிப்பக்கம் கொஞ்சம் தேநீரைக் கலந்தாள். வலது தந்தத்தை விட இடதை அரை விரல் குட்டையாகத் தேய்த்தாள்.

"அது ஏம்மா ஒண்ணு குட்ட?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இது இடப்பக்கமாப் படுக்கற ஜீவன். பாறைல உரசித் தேஞ்சிருக்கு."

"ஓ, உனக்குச் சொல்லுச்சா?"

"வாயப் பாத்தா தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் பழைய படகுத்துறைக்கு அப்பால் இருக்கிற கடற்கரைக்குப் போனார்கள். அலை ஏறாத மேட்டில், ஒதுங்கிக் கிடந்த மரங்களை வைத்து எலும்புக்கூடு கட்டினார்கள். மூடிக் கிடந்த பெரிய ஹோட்டலின் லிஃப்டிலிருந்து கழற்றிய ரப்பர் விரிப்புதான் தோல். மகள் அதன் மேல் பழுப்பும் சாம்பலும் பூசி, கழுத்து மடிப்புகளில் உப்பைத் தேய்த்தாள். கறுப்புப் பாட்டிலின் அடிப்பாகம் கண்ணாயிற்று. தெரு கூட்டுகிற துடைப்பம் மீசையாயிற்று. வீட்டுக்காரர் பாட்டுக்கு வயிற்றுக்குள் தலையை விட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் கதவின் ஸ்பிரிங்குகளும் ஒரு பலகையும். கடல்காற்று வாய் வழியாக நுழைந்து வயிற்றை உப்ப வைக்கும், நிறைந்ததும் ஸ்பிரிங் பலகையைத் தள்ளும், காற்று பின்பக்கமாக வெளியேறும், வயிறு இறங்கும். மறுபடி உப்பும்.

"மூச்சு விடுதுடா!" என்று கொழுந்தன் குதித்தான். சும்மா இருப்பானா? தன் குழலின் உடைந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, காற்று வெளியேறுகிற இடத்தில் சொருகினான். வால்ரஸ் அடித்தொண்டையில் முனகியது. தொண்டை என்பது ஒரு பேச்சுக்கு. அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஊரில் ஒருவரும் கடைசிவரை கேட்கவில்லை.

தந்தங்களை மாட்டிவிட்டுப் பல்லக்கா பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் செய்தது தன்னைத் திரும்பிப் பார்ப்பதாகத் தோன்றியது அவளுக்கு. இதைத்தான் கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டும், ஆசிரியரை இங்கேயே கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தாள். சட்டப்படி அதை அங்கேயே விட்டுவிட்டு நால்வரும் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள்.

திங்கட்கிழமை காலை, மூடுபனியில் ரோந்து வந்த கடற்கரைக் காவலர் அதைப் பார்த்தார். அது மூச்சு விட்டது. அவர் மூச்சு நின்றது.

பல்லக்காவுக்குச் சேதி வந்தது ஒரு வாடிக்கையாளர் மூலம். மீன் கிடங்கின் பழைய மேலாளர், வாய் நிறைய அளவெடுக்கும் பசையோடு நாற்காலியில் மல்லாந்திருந்தவர், பேச முடியாமல் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் உதட்டுக்குக் கீழே தொங்கவிட்டுக் காட்டினார். பிறகு கையை விரித்து, உடம்பு இவ்வளவு பெரிது என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஓடிப் பார்த்தாள். ஊரே அங்கே இருந்தது. சுற்றிலும் கயிறு. பலகை: 'அமைதி. விலங்கு ஓய்வெடுக்கிறது.' கயிற்றைத் தாண்டினால் தண்டனை. நகரசபைத் தலைவர் ஒரு மீன்பெட்டி மேல் ஏறி, இந்த ஊரின் குளிரையும் அமைதியையும் நல்ல நிர்வாகத்தையும் கேள்விப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் நீந்தி வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார். பூனை, நாய்களுக்கு ஊசி போடுகிற கால்நடை மருத்துவர் கயிற்றுக்கு வெளியே நின்றபடி தொலைநோக்கியால் பரிசோதித்து, "வயசான ஆண். நல்ல பசி. சுவாசம் சீரா இருக்கு" என்று அறிவித்தார்.

கயிற்றை ஒட்டி ஒரு மடக்கு முக்காலியில் ஓவிய ஆசிரியர். மடியில் காகிதம். கரிக்கோல் பறந்தது. கண்ணில் நீர்.

"பாருங்கம்மா, பாருங்க" என்றார் அவளைப் பார்த்ததும். "இதுக்குப் பேருதான் உயிர்! அந்தக் கண்ணுல எவ்வளவு சோகம்!"

பாட்டிலின் அடிப்பாகம் அவரைச் சோகமாகப் பார்த்தது. பல்லக்கா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வால்ரஸ் முனகிற்று. கூட்டம் கைதட்டியது. அவள் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

அன்று மாலை வீட்டில் ஆலோசனைக் கூட்டம்.

"போய்ச் சொல்லிடலாம்" என்றாள்.

"என்னன்னு?" என்றார் வீட்டுக்காரர். "தலைவர் அதுக்கு ஊர்க்காரர்னு கௌரவப் பட்டம் குடுத்துட்டாரு. இப்பப் போயி அது ரப்பர்னா?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியுமா?"

"நாம எங்க மறைச்சோம்? நட்ட நடுக் கடற்கரைல வச்சுட்டு வந்தோம். அவங்கதான் பாக்க மாட்டேங்கறாங்க."

அந்த வாரத்தில் ஊர் மாறிப்போனது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மூடிக் கிடந்த ஹோட்டலைத் திறந்தார்கள். அங்கே ஓடாமல் கிடந்த லிஃப்டை வீட்டுக்காரர் ஓட வைத்தார். ஆறாவது மாடியிலிருந்து வால்ரஸ் நன்றாகத் தெரியும் என்று கேள்வி. தன் தொழில் மேலே போவதை அவர் இப்போதுதான் பார்க்கிறார். கொழுந்தனுக்குச் சுற்றுலா வழிகாட்டி வேலை கிடைத்தது. சட்டைப் பையில் அடையாள அட்டை. அது எந்த நேரத்தில் முனகும் என்று அவன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான், என்ன ஞானம் என்று வியந்தார்கள். அவன் பார்த்ததெல்லாம் காற்று வீசுகிற திசைதான். மகளின் பள்ளியில், இயற்கையைப் படிக்கட்டும் என்று மத்தியானத்துக்கு மேல் பாடம் கிடையாது.

"அம்மா, பரீட்ச முடியற வரைக்குமாவது அது உயிரோட இருக்கட்டும்மா" என்றாள் மகள்.

தினமும் மாலை கூடை கூடையாக மீன் எறிந்தார்கள். விடிவதற்குள் கடற்காகங்களும் பூனைகளும் சுத்தமாகத் துடைத்து வைத்தன. 'நேற்று நன்றாகச் சாப்பிட்டது' என்று காவலர் பலகையில் எழுதினார்.

புதன்கிழமை காற்று நின்றது. வால்ரஸும் மூச்சை நிறுத்தியது. ஊரே உறைந்தது. கடைகளைச் சாத்தினார்கள். மருத்துவர் தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்து, "இது ஆழ்ந்த தூக்கம். வடக்கத்திப் பிராணிங்க இப்படித்தான் தூங்கும்" என்று தைரியம் சொன்னார், குரலில் தைரியம் இல்லை. சாயங்காலம் காற்று திரும்பி, வயிறு உப்பி, ஒரு நீண்ட முனகல் வந்ததும், நகரசபை ஆபத்துச் சங்கை ஊதிக் கொண்டாடியது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஓவிய ஆசிரியர் முக்காலியோடு சேர்ந்து விழுந்தார்.

பல்லக்கா மட்டும் இளைத்துப்போனாள். தான் செய்ததிலேயே ஆகச் சிறந்தது ஊர் நடுவே நிற்கிறது. ஊரே அதைக் கொண்டாடுகிறது. கொண்டாட்டத்தில் அவளுக்கு மட்டும் இடம் இல்லை. பெற்ற பிள்ளையை ஊரார் தூக்கிக் கொஞ்ச, தாய் கயிற்றுக்கு வெளியே நிற்கிற கதை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கே போய் ஆசிரியரைப் பிடித்தாள். ஓவிய அறையில் சுவர் உயரத்துக்கு ஒரு வால்ரஸ் படம் காய்ந்துகொண்டிருந்தது. கண்காட்சியின் நடு இடம் இதற்குத்தானாம். சனிக்கிழமை திறப்பு.

"சார், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்த மாதிரி ஒண்ண யாராவது செஞ்சா?"

"எந்த மாதிரி?"

"அந்த வால்ரஸ் மாதிரி. கட்டயும் ரப்பரும் வச்சு."

ஆசிரியர் இரக்கத்தோடு சிரித்தார். "இயற்கைய யாரும்மா செய்ய முடியும்? நீங்க தப்பா நினைக்கலன்னா சொல்றேன். போன வருஷம் ஒரு நாரை கொண்டு வந்தீங்களே, அதக் கொண்டுபோயி இந்த வால்ரஸ் பக்கத்துல வச்சுப் பாருங்க. நான் இத்தன வருஷமா என்ன சொல்றேன்னு ஒரே நொடில புரிஞ்சிடும்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். "சனிக்கிழம மேடை ஏறிச் சொல்லப் போறேன்" என்றாள். "யார் தடுத்தாலும் சரி."

"ஹோட்டல் லிஃப்ட்..." என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணி, அடையாள அட்டை குடுத்தே மூணு நாள்தான் ஆகுது."

"அம்மா, பரீட்ச."

"எல்லாருக்கும் அதால ஒண்ணு கெடச்சுது. எனக்கு என்ன கெடச்சுது?" என்று கேட்டாள்.

ஆனால் மேடை வரைக்கும் காத்திருக்க விடவில்லை காற்று. வெள்ளிக்கிழமை ராத்திரி அடித்த புயலில் வால்ரஸ் அசையவில்லை, இடது தந்தம் ஆடிவிட்டது. சனிக்கிழமை விடிந்தபோது, அது கீழே விழவும் மனமில்லாமல், நிற்கவும் வழியில்லாமல் ஒரு பக்கமாகத் தொங்கியது. கண்காட்சித் திறப்புக்கு வெளியூர்ப் பிரமுகர்கள் வருகிற நாள். தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. இப்ப பல்லத்தான் பாக்க வேண்டியிருக்கு" என்று மருத்துவர் பக்கம் திரும்பினார்.

"பல்லு என் பிரிவு இல்லீங்க" என்றார் கால்நடை மருத்துவர்.

பல் டாக்டரை வரவழைத்தார்கள். அவர் கயிற்றிலிருந்து நாலடி தள்ளியே நின்றார். "பிடுங்கறதுதான் என் வேல. கட்டறது எங்க பல்லக்கா வேல. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஆகவே ஊரில் உள்ள அத்தனை அதிகாரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகு, பல்லக்கா கட்டிய வால்ரஸுக்குப் பல் கட்டப் பல்லக்காவையே அழைத்தார்கள். அவள் கருவிப்பெட்டியோடு வந்தாள். கூட்டம் வழி விட்டது. ஒருவர் அவள் காலில் விழுந்து, "பாத்துப் போங்கக்கா, குழந்த குட்டி இருக்கற வீடு" என்றார்.

"முதல்ல மயக்க ஊசி" என்றார் மருத்துவர். துப்பாக்கியால் சுட்டார். ஊசி ரப்பரில் சொத்தென்று ஏறியது. வால்ரஸ் சலனமில்லாமல் மூச்சு விட்டது. "என்ன பொறுமை பாருங்க" என்றாள் ஒருத்தி. "என் வீட்டுக்காரருக்கு ஊசின்னா தெருவே கூடிடும்."

பல்லக்கா கயிற்றைத் தாண்டி நடந்தாள். மண்டியிட்டு வாய்க்குள் கையை விட்டாள். காற்று அவள் முழங்கையைத் தழுவிக்கொண்டு உள்ளே போயிற்று. தந்தம் கையோடு வந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு கேவல்.

எழுந்து திரும்பினாள். கையில் தந்தம். எதிரே ஊர். முன்வரிசையில் அவள் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேடைதான் தானாக வந்துவிட்டதே, இனி எதற்குத் தாமதம்?

"எல்லாரும் கேளுங்க. இது நான் செஞ்சது."

தலைவர் மெல்ல முன்னால் வந்து தந்தத்தை வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே, எல்லாப் பல் செட்டுக்குள்ளும் அவள் கீறி வைக்கிற சின்னஞ்சிறு பிறை.

"அட, ஆமா! உங்க பிறையேதான்! என்னோட மேல் செட்டுலகூட..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

கூட்டம் கொந்தளித்தது. "வால்ரஸுக்குப் பல் செட்டா!" "அதானே பாத்தேன், அந்த வயசுல எப்படி அவ்ளோ பல்லுன்னு!" "பல்லு கட்டிக்கத்தான் இவ்ளோ தூரம் நீந்தி வந்திருக்கு!" "பின்ன? நம்ம பல்லக்கா கைராசி கடல் வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

"ஐயோ, பல்லு மட்டும் இல்லங்க!" என்று கத்தினாள். "முழுசும் நான்தான் செஞ்சேன். மீசை, கண்ணு, உடம்பு எல்லாம். வயித்துக்குள்ள என் வீட்டுக்காரர் ஸ்பிரிங் வச்சிருக்காரு. அதுலதான் மூச்சு விடுது!"

கால்நடை மருத்துவர் பேனாவை எடுத்தார். "அப்ப ஒரு பெரிய அறுவை சிகிச்சையே நடந்திருக்கு. எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எங்க மச்சானுக்கும் நெஞ்சுல ஸ்பிரிங்தான் வச்சிருக்காங்க" என்று தலைவர் கூட்டத்துக்கு விளக்கினார். "ஓடறாரு, ஆடறாரு. விஞ்ஞானம்!"

லிஃப்ட் மெக்கானிக்கைத் தோளில் தூக்கினார்கள். உயரம் பழகிய மனிதர். கண்ணை மட்டும் திறக்கவில்லை.

ஒருவரும் நம்பவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒருவரும் நம்ப மறுக்கவும் இல்லை. அவள் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே ஏற்று, அதையெல்லாம் அந்தப் பிராணிக்கு நடந்த வைத்தியக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். உண்மையை இப்படி ஒரு பக்கமாகவே வைத்து ஊரார் மெல்லும்போது யார்தான் என்ன செய்ய முடியும்?

ஓவிய ஆசிரியர் வந்தார். தந்தத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"வேலை சுத்தம்" என்றார்.

பல்லக்கா காத்திருந்தாள்.

"ஆனா பாருங்க, அந்த உடம்பு, அந்த மீசை, அந்த மூச்சு, ஒவ்வொரு அணுவுலயும் துடிக்குது. இந்தப் பல்லுல மட்டும், எப்படிச் சொல்றதுன்னு தெரியல..."

"உயிர் இல்ல" என்றாள் அவள்.

"அதேதான்! இப்பவாவது உங்களுக்கே தெரியுது பாத்தீங்களா? இருந்தாலும், ஊரே கொண்டாடற நேரம். கைவினைப் பிரிவுல வச்சிடலாம். கண்ணாடிப் பெட்டி, விளக்கு வெளிச்சம், அடில உங்க பேரு. சாயங்காலம் திறப்பு. குடுத்துடுங்க."

இத்தனை வருஷம் அவள் கேட்டது அத்தனையும் ஒரே வாக்கியத்தில் வந்து நின்றது. கண்ணாடிப் பெட்டி கண்முன்னால் தெரிந்தது. அதன் அடியில் பேரும் தெரிந்தது.

"மிச்சத்தையும் வைப்பீங்களா சார்?"

"எந்த மிச்சம்?"

"பல்லுக்குப் பின்னாடி இருக்கறது."

"நல்லா கேட்டீங்க போங்க! அது பிராணிம்மா. பிராணியப் போயி யாராவது கண்காட்சில வைப்பாங்களா?"

பல்லக்கா திரும்பிப் பார்த்தாள். ஒற்றைத் தந்தத்தோடு அது கோணல் வாயாக நின்றது. பாதி பல் செட்டைத் தொலைத்துவிட்டு விருந்தில் வந்து உட்கார்ந்த பெரியவர் மாதிரி, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல். அவள் பட்டறையிலிருந்து இன்றுவரை ஒரு வாயும் இந்தக் கோலத்தில் வெளியே போனதில்லை. உப்பிய வயிறு இறங்கியது. மகள் கழுத்தில் தேய்த்த உப்பு வெயிலில் மின்னியது. கொழுந்தனின் குழல் தணிந்த குரலில் எதையோ கேட்டது.

அவள் ஆசிரியரின் கையிலிருந்து தந்தத்தை எடுத்துக்கொண்டாள்.

"குடுக்கறதுக்கில்ல சார்."

"ஏன்? யோசிச்சுச் சொல்லுங்க. இந்த வாய்ப்பு அடுத்த வருஷம் வராது."

"ஒத்தப் பல்ல வச்சுக்கிட்டு அது எப்படி சார் சாப்பிடும்?"

கூட்டம் தலையாட்டியது. அதானே, வாயில்லாத ஜீவன் என்றார்கள். ஆசிரியர் தோளைக் குலுக்கிக்கொண்டார். அவள் மறுபடி மண்டியிட்டு, மாவைக் குழைத்து, தந்தத்தை இருப்பிடத்தில் அழுத்தி, இறுகும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் தலைவர் பிரமுகர்களின் வருகை பற்றி ஏதோ பேசினார். அவள் காதில் ஏறவில்லை. கையை எடுத்தாள். இரண்டு பக்கமும் ஒரு மட்டம் பார்த்தாள். இடது அரை விரல் குட்டை. சரியாக இருந்தது.

கடலிலிருந்து பெருங்காற்று ஒன்று வந்தது. வால்ரஸ் வயிறு புடைக்கத் தலையை நிமிர்த்தி, அதுவரை ஊர் கேட்டிராத குரலில் உறுமிற்று. படம் வரைய வாகாகக் கயிற்றுக்கு உள்ளே ஒரு காலை வைத்து நின்றிருந்த ஓவிய ஆசிரியர், முக்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடி, கால்நடை மருத்துவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். வெளிறிய முகம். கையில் கரிக்கோல் இரண்டாக உடைந்திருந்தது.

பல்லக்கா அதைப் பார்த்தாள். ஆற அமரப் பார்த்தாள். பெட்டியை மூடி, முழங்கால் மணலைத் தட்டிவிட்டு, கடற்கரைக் காவலரிடம் போனாள்.

"கயித்த இன்னும் பத்தடி தள்ளிக் கட்டுங்க தம்பி" என்றாள். "கடிக்கும்."